64 கிலோபைட்டும் 15 புள்ளியும்

சென்ற மார்கழியில் வண்ணாரப்பேட்டையில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற தமிழாசிரியர். அவருடைய பேரன் மடிக்கணினியில் 'தி பிராடக்ட்' என்ற 'டெமோ'வைப் போட்டுக் காட்டினான். ஜெர்மானிய இளைஞர் சிலர் 2000-இல் செய்தது. பதினொரு நிமிஷம் காட்சிகள் சங்கீதத்தோடு சுழன்று ஓடின. எதுவும் படம்பிடித்து வைத்ததல்ல. கோப்பில் இருப்பவை கட்டளைகள்தாம். படத்தையும் இசையையும் கணினி அவ்வப்போது கணக்குப் போட்டு உண்டாக்குகிறது. மொத்தம் 64 கிலோபைட். என்னுடைய நீண்ட சிறுகதை ஒன்று அந்த இடத்தில் அடங்காது!

"மெஷின் போட்ட படம். இதிலே மனுஷன் எங்கே வே இருக்கான்?" என்றார் நண்பர்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. கணினியில் இடமா இல்லை? 64-க்கு மேல் போகக் கூடாது என்று அவர்களே வகுத்துக்கொண்ட வரம்பு அது. மனிதன் அந்த வரம்புக்குள்தான் இருக்கிறான். தளை தட்டாத வெண்பாவைப் பார்த்து, "இதை யாப்பிலக்கணம் எழுதிற்று" என்று இவர் சொல்வாரா?

வாசலைப் பார்க்கச் சொன்னேன். விடியற்காலையில் அவர் மருமகள் போட்ட கோலம். அவள் நோட்டில் இருப்பது, '15 புள்ளி, ஊடுபுள்ளி, 8-இல் நிறுத்தவும்' என்ற ஒரு வரிதான். அதற்குள் 169 புள்ளிகள் அடங்கிக் கிடக்கின்றன, எண்ணிப் பாருங்கள்.

நண்பர் உடனே கட்சி மாறினார். "அப்போ நம்ம பாட்டிமாருக்கு அந்தக் காலத்திலேயே கம்ப்யூட்டர் தெரியும்னு சொல்லும்!"

இது முன்னதைவிட மோசம். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணியும், கமலா கிருதிவாசனும் கோலத்தின் விதிகளைக் கணினி இலக்கணமாக வகுத்து 1974-இல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்கள். அது உழைப்பு. திண்ணையில் சாய்ந்துகொண்டு பாட்டிக்குப் பட்டம் சூட்ட எந்த உழைப்பும் வேண்டாம்.

பின்லாந்து 2020-இல் டெமோக் கலையைத் தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. அடுத்த வருஷம் ஜெர்மனியும் சேர்த்தது. டெமோக்களில் செய்தவர் பெயர் ஓடும். போட்டிக் குழுக்களுக்கு வணக்கம்கூடச் சொல்வார்கள். இங்கே, "கோலம் யார் போட்டது?" என்று கேட்டால், "மருமகதான்" என்கிறார் நண்பர். பாதிக் கோலம் அதற்குள் பால்காரர் சைக்கிளிலும் எங்கள் செருப்பிலும் போய்விட்டது. அது கோலத்துக்கு உள்ள வழக்கம். அதில் எனக்குக் குறையில்லை. பெயர் சொல்ல என்ன கேடு?

அந்தப் பெண் காபி கொண்டுவந்தாள். திரையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இதையும் எங்கேயாவது நோட்டிலே எழுதி வச்சிருப்பாங்களா, மாமா?" என்று என்னைக் கேட்டாள்.

நண்பர் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.