கப்பலில் குறைந்தது பணிவிடையா, கூலியா?

ஆண்டு முழுவதும் உழைத்தவன் சில நாளேனும் ஓய்ந்திருக்க விரும்புவது குற்றமன்று. தோட்டத்து லயன்களில் வாழ்ந்த தலைமுறைக்கு விடுமுறை என்பது தைப்பூசத்திற்குப் போய் வருவதும், தீபாவளிக்குத் துணி எடுப்பதுமாக முடிந்துபோயிற்று. அவர்தம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று உல்லாசக் கப்பலில் ஏறுகின்றனர். ஜொகூர் மாநிலத்துச் செனாய் போன்ற ஊர்களில் இம்மாற்றம் கண்கூடு. ரப்பரும் செம்பனையும் சூழ்ந்திருந்த அச்சிற்றூர், 1974ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட விமான நிலையத்தாலும், பின்னர் எழுந்த தொழிற்சாலைகளாலும் நகரமாகிவிட்டது. ஜொகூர் பாலத்தைக் கடந்தால் சிங்கப்பூர். அங்கே 2012ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் மரினா பே கப்பல் முனையம். கணவனும் மனைவியும் மிகைநேர வேலைப் பணத்தை மாதந்தோறும் ஒதுக்கி வைத்து, பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடனும் பாட்டியுடனும் மூன்று நான்கு நாள் கடலில் உலவி வருவது இன்று வியப்புக்குரிய செய்தியன்று.

வியப்புக்குரியது, அவர்கள் திரும்பி வந்தபின் நடைபெறும் பேச்சே. உணவுக்கூடத்தில் அரை மணி நேரம் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. முன்பு காலையும் மாலையும் துப்புரவு செய்த அறையை இப்போது ஒருமுறைதான் எட்டிப் பார்க்கிறார்கள். குடிக்கும் காப்பிக்கும் தனிக் காசு. துவாலை கேட்டால் நாளை வரும் என்கிறார்கள். இவ்வாறு குறைகள் அடுக்கப்படும். அடுக்கி முடித்தவுடன் தீர்ப்பும் வந்துவிடும்: “வேலைக்காரர்கள் கெட்டுப்போய்விட்டார்கள். இப்போதுள்ள பையன்களுக்குச் சிரிக்கக்கூடத் தெரியவில்லை.”

குறைகள் மெய். தீர்ப்புத்தான் பொய்.

ஒரு கடையில் தேத்தண்ணீர் நீர்த்துப் போயிருந்தால், ஆற்றிக் கொடுத்தவனை வைவது எளிது. தேயிலைத் தூளைக் கரண்டியால் அளந்து கொடுத்துவிட்டுக் கல்லாவில் அமர்ந்திருப்பவனை நோக்கி நம்மவர் பார்வை திரும்புவதில்லை. உல்லாசக் கப்பலில் அந்தக் கல்லா கண்ணுக்கே தெரிவதில்லை. தட்டேந்தி வருபவன் மட்டுமே தெரிகிறான். ஆகவே ஏச்சும் அவனுக்கே.

“அந்தக் காலத்துக் கப்பல் என்றால் கப்பல்!” என்று பெருமூச்சு விடுவோரும் உளர். அவர்கள் பெரும்பாலும் நினைப்பது ரஜுலா கப்பலை. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக 1926ஆம் ஆண்டில் கட்டப்பட்ட அக்கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு காலம் தமிழர்களை ஏற்றி இறக்கியது. எண்ணாயிரம் டன்னைச் சற்றே தாண்டிய அக்கப்பல், தொடக்கத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல உரிமம் பெற்றிருந்தது என்பதை எண்ணிப் பார்த்தால், அங்கே யாருக்கு என்ன பணிவிடை நடந்திருக்கும் என்பது விளங்கும். பாய் விரிக்க இடம் பிடித்தவன் பாக்கியசாலி. வெள்ளைத் துணி விரித்த மேசையும், குனிந்து வணங்கும் சிப்பந்தியும் அறை எடுத்துச் சென்ற சிலருக்கே உரியவை. நம் பாட்டன்மார் அம்மேசைப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. அவ்வாறே, அன்றைய இந்தியக் கப்பலோட்டிகளுக்குக் கிடைத்த கூலி, அதே கப்பலில் வேலை செய்த வெள்ளையரின் கூலியில் ஒரு சிறு பகுதியே. ரஜுலாவுக்குப் பின் இந்திய அரசுக் கப்பல் நிறுவனத்தின் சிதம்பரம் கப்பல் அவ்வழியில் ஓடியது. 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பற்றி, உயிர்கள் பல மாண்ட கொடுமையோடு அந்த யுகமும் முடிந்தது. ஆதலின், இழந்துவிட்ட பொற்காலம் என்று ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு அதனால் இன்றைய பணியாளனை அளப்பது வரலாறு அறியாமையேயாகும்.

இக்கதையில் மலேசியாவுக்கும் பங்கு உண்டு. கெந்திங் குழுமத்தைச் சார்ந்த ஸ்டார் குரூசஸ் 1993ஆம் ஆண்டில் தோன்றி, ஆசியக் குடும்பங்களுக்கு உல்லாசக் கப்பலை அறிமுகம் செய்தது. 2000ஆம் ஆண்டில் அது நார்வீஜியன் குரூஸ் லைன் என்னும் மேனாட்டு நிறுவனத்தையே வாங்குமளவுக்கு வளர்ந்தது. பெருந்தொற்று வந்தது, கப்பல்கள் நின்றன, 2022ஆம் ஆண்டு சனவரியில் கெந்திங் ஹாங்காங் கடன் சுமையால் கலைப்பு நடவடிக்கைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு சூன் மாதத்தில் கெந்திங் டிரீம் என்ற கப்பல், ரிசார்ட்ஸ் வேர்ல்ட் குரூசஸ் என்ற புதிய பெயரின்கீழ் சிங்கப்பூரிலிருந்து மீண்டும் புறப்பட்டது. உலகெங்கும் கப்பல் முதலாளிகள் பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கிய கடனை அடைக்க வேண்டியவர்களாயினர். அந்தக் கடன் யார் தலையில் இறங்கியது?

விடை வேண்டுவோர் 2023ஆம் ஆண்டு சனவரி மாதத்தைக் காண்க. மேலே கூறிய நார்வீஜியன் நிறுவனம், சாதாரண அறைகளில் தங்குவோர் ஆளுக்கு நாளொன்றுக்குச் செலுத்தும் சேவைக் கட்டணத்தை 16 அமெரிக்க டாலரிலிருந்து 20 டாலராக உயர்த்தியது. அதே மாதத்தில், அவ்வறைகள் பெரும்பாலானவற்றை நாளுக்கு இருமுறை துப்புரவு செய்யும் வழக்கத்தை ஒருமுறையாகக் குறைத்தது. சேவைக் கட்டணம் ஏறுகிறது, சேவை இறங்குகிறது, இரண்டும் ஒரே மாதத்தில்! அடுத்த மாதமே ராயல் கரீபியன் நிறுவனமும் அறைத் துப்புரவை அவ்வாறே குறைத்தது. அறைப் பணியாளன் சோம்பேறியாகி மாலையில் வராமற் போகவில்லை. வர வேண்டாம் என்று மேலிடம் முடிவு செய்தது. இத்துணை வெளிப்படையான செய்தியை வைத்துக்கொண்டும், பையன்கள் கெட்டுப்போனார்கள் என்று பேசுவது எங்ஙனம் பொருந்தும்?

கணக்குப் பாடம் நடத்துவோர் இதை வகுப்பறையிலேயே போட்டுக் காட்டலாம். தாய், தந்தை, பாட்டி, பிள்ளைகள் இருவர், ஐவர். ஆளுக்கு 20 டாலர். மூன்று வயது நிரம்பிய பிள்ளைக்கும் அதே கட்டணந்தான். நாளொன்றுக்கு 100 டாலர். நான்கு நாளுக்கு 400 டாலர். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்ட விலையில் இத்தொகை பெரும்பாலும் சேர்வதில்லை. துறைமுகக் கட்டணம், வரி, இணையக் கட்டணம், குளிர்பானம், கரையிறங்கிச் சுற்றிப் பார்க்கும் பேருந்து என்று ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். பலாப்பழம் மலிவு என்று வாங்கியவனிடம், சுளைக்குத் தனி விலை கேட்பது போன்ற வணிகம் இது.

சரி, அந்தச் சேவைக் கட்டணமாவது முழுமையாகத் தட்டேந்தியவனைச் சேர்கிறதா? எவருக்கு எவ்வளவு என்பதைப் பயணச்சீட்டு சொல்வதில்லை. பணியாளன் பெறும் மாத வருமானத்திற்குள்ளேயே அத்தொகையையும் அடக்கிக் கணக்குக் காட்டுவதும் இத்தொழிலில் உண்டு. அதாவது, முதலாளி தன் பையிலிருந்து கொடுக்க வேண்டிய கூலியின் ஒரு பங்கு, பயணி மனமுவந்து கொடுக்கும் அன்பளிப்பு என்ற வேடம் பூண்டு வருகிறது. கட்டணத்தைக் குறைவாகக் காட்டலாம்; கூலிச் சுமையும் குறையும். பணிவிடை சரியில்லை என்று சினந்தவன் அன்பளிப்பை நிறுத்தினால், நட்டம் பணியாளனுக்கு. முதலாளிக்கு எத்திசையிலிருந்தும் இடி விழாது. இஃது எவ்வளவு வசதியான ஏற்பாடு!

கரையில் இத்தகைய ஏற்பாட்டை மலேசியத் தொழிலாளர்கள் எதிர்த்து வென்றிருக்கின்றனர் என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்தை நிர்ணயித்தபோது, ஓட்டல் முதலாளிகள் சிலர் வாடிக்கையாளர் செலுத்தும் சேவைக் கட்டணத்தையே எடுத்து அந்தச் சம்பளத்தை நிரப்ப முயன்றனர். ஓட்டல் தொழிலாளர் சங்கம் வழக்காடியது. சேவைக் கட்டணம் தொழிலாளர்களுக்குச் சேர வேண்டியது, அதைக் கொண்டு குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்புதல் ஆகாது என்று 2021ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜொகூர் பாருவில் உள்ள ஓட்டல் சிப்பந்திக்கு அத்தீர்ப்பு அரண். அவனுடன் ஒரே பள்ளியில் பயின்று, கப்பலில் வேலைக்குச் சேர்ந்தவனுக்கோ அந்த அரண் இல்லை. ஏனெனில், உல்லாசக் கப்பல்களிற் பல பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளின் கொடியைப் பறக்கவிடுகின்றன. முதலாளி ஒரு நாட்டான், பயணி ஒரு நாட்டான், பணியாளன் ஒரு நாட்டான். கொடி மட்டும் இம்மூவரும் கண்டறியாத நாட்டினுடையது. கொடி எந்நாட்டினதோ, கப்பலில் சட்டமும் அந்நாட்டினதே.

அனைத்துலகச் சட்டம் அறவே இல்லை என்று கூறிவிட முடியாது. 2006ஆம் ஆண்டில் உருவாகி 2013ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது. அது தரும் பாதுகாப்பு யாது? இருபத்து நான்கு மணி நேரத்தில் 10 மணி நேரம், வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கை கூறும் அளவுகோல்களுள் ஒன்று. திருப்பிப் படித்தால், ஒருவனை ஒரு நாளில் 14 மணி நேரம் வேலை வாங்கலாம் என்று பொருள். தேர்ந்த கப்பலோட்டிக்கு அனைத்துலக அளவில் 2023ஆம் ஆண்டில் வரையறுக்கப்பட்டிருந்த குறைந்தபட்ச அடிப்படை மாதச் சம்பளம் 658 அமெரிக்க டாலர். முன்கூறிய ஐவர் குடும்பம் ஏழே நாளில் செலுத்தும் சேவைக் கட்டணம் இதைவிட அதிகம்! விடுமுறை நாளே இல்லாமல், மாதக்கணக்கில், சன்னலற்ற சிற்றறையில் இருவர் மூவராகப் படுத்தெழுந்து வருபவன் முகத்தில் ஒரு நாள் சிரிப்பு இல்லையென்றால், அதற்காக விரல் சொடுக்கி அவனை அழைப்பது எந்த ஊர்ப் பண்பாடு?

அவர்களுடைய பணிவிடை எத்தகையது என்பதை 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் உலகமே கண்டது. ஜப்பானின் யோகோகாமா துறைமுகத்தில் டயமண்ட் பிரின்சஸ் என்ற கப்பல் 3,711 பேருடன் தடுத்து நிறுத்தப்பட்டது. பயணிகளை அறைக்குள் இருக்கச் சொன்னார்கள். பணியாளர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எழுநூற்றுக்கும் மேற்பட்டோரைத் தொற்றிய நோயின் நடுவே, அறை அறையாக உணவு கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் அவர்கள்; அவர்களுள் இந்தியரும் இருந்தனர். அதன்பின், கப்பல்கள் ஓடாமல் நின்ற மாதங்களில் உலகெங்கும் ஆயிரக்கணக்கான பணியாளர்கள் வீடு திரும்ப வழியின்றிக் கடலிலேயே கிடந்தனர். இதே கூட்டத்தாரைத்தான் மூன்றாண்டு கழித்துச் சோம்பேறிகள் என்கிறோம்.

“காசு கொடுத்தவனுக்குக் கேட்க உரிமை இல்லையா?” என்பர். உண்டு, மிக நன்றாக உண்டு. கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதில்லை என்பதே இங்குள்ள குற்றச்சாட்டு. உணவுக்கூடத்தில் குரல் உயர்த்துபவர் நிறுவனத்திற்கு ஒரு கடிதம் எழுதுவதில்லை. கடைசி நாள் முகப்பில் நின்று அன்பளிப்புத் தொகையை நீக்கச் சொல்லிக் கையெழுத்திட்டுவிட்டு, பெரிய தண்டனை கொடுத்துவிட்டதாக மகிழ்கிறார். பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இந்நாட்டில் 1999ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அதன்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றமும் உண்டு. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழிலும் இவற்றை எழுதி வருகிறது. இவ்வளவும் இருக்க, நம்மவர் கண்டுபிடித்த ஒரே வழக்குமன்றம் ஒரு சிப்பந்தியின் சட்டைப்பை!

போட்டி மிகுந்த தொழில், விலையைக் குறைத்தால்தான் ஆள் வரும் என்று நிறுவனங்களுக்காகப் பரிந்து பேசுவோரும் இருக்கின்றனர். விலை குறையவில்லையே! பெயர்தான் மாறிற்று. பயணக் கட்டணமாக வாங்கியதைச் சேவைக் கட்டணமாக வாங்குகிறார்கள். முழு விலையையும் முன்பக்கத்தில் அச்சிட்டுவிட்டு, பிறகு போட்டியைப் பற்றிப் பேசினால் கேட்கலாம். பயணியை “விருந்தினர்” என்று அழைப்பதையும் அதுவரை நிறுத்தி வைக்கலாம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரம் வகுத்த மொழியில், உண்ட பின் காப்பிக்குத் தனிச்சீட்டு நீட்டப்படுபவருக்கு அப்பெயர் இல்லை.

இதில் பள்ளிக்கு என்ன வேலை என்று ஐயுறுவோர், ஐந்தாம் படிவம் முடித்த தமிழ்ப் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்று பார்க்கட்டும். ஓட்டல் பணி, உணவக நிர்வாகம் என்று சான்றிதழ்ப் படிப்புக்குச் செல்வோர் பலர். அவர்களுட் சிலர் கப்பலிலும் சேர்கின்றனர். தமிழ்ப்பள்ளியில் “விடுமுறையில் ஒரு கப்பற்பயணம்” என்று கட்டுரை எழுதும் மாணவனும், பத்தாண்டு கழித்து அதே கப்பலில் துவாலை மடிக்கப்போகும் மாணவனும் ஒரே வாங்கில் அமர்ந்திருக்கக்கூடும். முன்னவன் தன் கட்டுரையில் எதை எழுதுகிறான்? மேசையில் நீர் வைக்கத் தாமதமானதற்காகத் தந்தை அதட்டியதை வீரச்செயலாக எழுதினால், அக்கட்டுரைக்கு ஒற்றுப்பிழை மட்டும் திருத்தி மதிப்பெண் இட்டு அனுப்புவது ஆசிரியர் கடமை முடிந்ததாகுமா? அந்த நீர் ஏன் தாமதமாயிற்று, அக்கூடத்தில் எத்தனை மேசைக்கு எத்தனை பேர் இருந்தனர் என்று ஒரு கேள்வியை ஓரத்தில் சிவப்பு மையால் எழுதலாகாதா?

அடுத்த ஆண்டு இறுதி விடுமுறைக்கு முன்பணம் கட்டச் செல்வோர் முகவரிடம் சில வினாக்களைக் கேட்டுப் பார்க்கலாம். துறைமுகக் கட்டணமும் சேவைக் கட்டணமும் சேர்ந்த முழு விலை எவ்வளவு? அச்சேவைக் கட்டணத்தில் அறையைத் துடைப்பவருக்குப் போவது எவ்வளவு? அறை நாளுக்கு எத்தனை முறை துப்புரவாகும்? கப்பல் எந்நாட்டுக் கொடியுடையது. தகராறு நேர்ந்தால் வழக்கு எந்நாட்டு நீதிமன்றத்தில்? முதல் வினாவிற்கு விடை கிடைக்கும். மற்றவற்றைக் கேட்டுச் சொல்வதாக முகவர் கூறுவார். எழுத்து மூலமாகவே வேண்டும் என்று கூறிவிட்டு, விடை வரும் வரை பணத்தைப் பையிலேயே வைத்திருக்கலாம்.