அந்தக் குழந்தையையும் அழைத்துப் போங்கள்!

அமெரிக்காவில் விடுமுறை வந்தால் பிள்ளைகள் பலர் கேட்பது டிஸ்னி பூங்காவைத்தான். கலிபோர்னியா மாநிலத்தில் 1955-ம் ஆண்டு டிஸ்னிலாந்து திறக்கப்பட்டது. புளோரிடா மாநிலத்தில் 1971-ம் ஆண்டு அதைவிட மிகப் பெரிய பூங்கா திறக்கப்பட்டது. குடைராட்டினம், படகு, மேலும் கீழும் பாய்ந்து ஓடும் ரெயில் என்று எத்தனையோ வேடிக்கைகள். ஒரு நாள் போதாது!

வீட்டில் டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை ஒன்று இருந்தால் பேச்சு திசை மாறிவிடுகிறது.

"அவனுக்கு என்ன புரியும்? பாட்டியிடம் விட்டுவிட்டுப் போங்களேன்" என்று உறவினர்கள் சொல்வார்கள். நல்ல எண்ணத்தோடுதான் சொல்வார்கள். ஆனால் அது தவறு.

அவனுக்குப் புரியும். அண்ணனும் அக்காளும் போனார்கள், தன்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்பது கட்டாயம் புரியும்!

யாருடைய குற்றமும் அல்ல

மனித உடலின் உயிரணுக்களில் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் இருக்கின்றன. மொத்தம் 46. டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 47 இருக்கும். 21-வது இழை இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதே காரணம். பிரான்சு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் இதை 1959-ம் ஆண்டு வெளியிட்டார்கள். தாய் செய்த குற்றமும் அல்ல. தகப்பன் செய்த பாவமும் அல்ல.

இந்தக் குழந்தைகளுக்குப் பேச்சு மெதுவாக வரும். தசைகள் தளர்ந்திருக்கும். சீக்கிரம் களைத்துப் போவார்கள். ஆனால் சிரிப்பு, கோபம், ஆசை, பிடிவாதம் எல்லாம் மற்றக் குழந்தைகளைப் போலத்தான். (பிடிவாதம் கொஞ்சம் கூடுதல் என்று சொல்கிற தாய்மாரும் உண்டு!)

ஒரு தகப்பன் கட்டிய பூங்கா

டெக்சாஸ் மாநிலத்தில் சான் அன்டோனியோ என்று ஒரு நகரம். அங்கே கார்டன் ஹார்ட்மன் என்பவர் வீடு கட்டி விற்கும் தொழில் செய்துவந்தார். அவருடைய மகள் மார்கன். அவளுக்கு இருப்பது டவுன் சிண்ட்ரோம் அல்ல. ஆனால் மூளை வளர்ச்சியிலும் உடலிலும் குறை உண்டு.

2006-ம் ஆண்டு அந்தக் குடும்பம் விடுமுறைக்குப் போயிருந்தது. நீச்சல் குளத்தில் வேறு பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். மார்கனும் அவர்களோடு விளையாடப் போனாள். அவளோடு எப்படிப் பழகுவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. எழுந்து போய்விட்டார்கள்!

தகப்பனார் அதைப் பார்த்தார். மகளை இனி வீட்டில் வைத்துக்கொள்வோம் என்று அவர் முடிவு செய்யவில்லை. எல்லோரும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தார். கைவிடப்பட்ட கல் குவாரி ஒன்றில் 25 ஏக்கரில் பூங்கா கட்டினார். அது 2010-ம் ஆண்டு திறக்கப்பட்டது. பெயர் 'மார்கன்ஸ் வொண்டர்லேண்ட்'.

அங்கே உள்ள குடைராட்டினத்தில் சக்கர நாற்காலியோடு ஏறலாம். மற்றவர்களின் குதிரை ஏறி இறங்கும்போது அந்த நாற்காலியும் ஏறி இறங்கும்! சக்கர நாற்காலியை அப்படியே ஏற்றி ஆடும் ஊஞ்சலும் உண்டு. உடற்குறை, மனவளர்ச்சிக் குறை உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. 2017-ம் ஆண்டு பக்கத்திலேயே தண்ணீர்ப் பூங்காவும் திறந்தார்கள்.

குறை உள்ளவர்களுக்கு மட்டும் என்று அவர் வேலி போடவில்லை. எல்லாப் பிள்ளைகளும் வரலாம். அதுதான் அந்தப் பூங்காவின் சிறப்பு. தனியாக ஒதுக்கி வைத்து விளையாட விடுவதும் ஒரு வகையில் ஒதுக்குவதுதானே?

நடுவழியில் உட்கார்ந்துவிட்டால்?

பெற்றோர் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். நன்றாக நடந்துவந்த குழந்தை திடீரென்று தரையில் உட்கார்ந்துகொள்ளும். தூக்கினால் துணி மூட்டை போலத் துவளும். ஆயிரம் பேர் பார்ப்பார்கள். "ஒழுங்காக வளர்க்கவில்லை" என்று முணுமுணுப்பார்கள். தாயாருக்கு முகம் சிவந்துவிடும்.

இது வம்பு அல்ல. பெரும்பாலும் அது ஒரு பேச்சு! "கால் வலிக்கிறது", "சத்தம் பயமாக இருக்கிறது", "அடுத்து எங்கே போகிறோம் என்று தெரியவில்லை" என்பதை வாயால் சொல்ல முடியாத குழந்தை உடம்பால் சொல்கிறது.

"வா, வா, வா" என்று மூன்று பேர் கத்தினால் பயன் இல்லை. இந்தக் குழந்தைகள் பலருக்குக் காது கொஞ்சம் மந்தம். சொன்னது மனதில் ஏறவும் நேரம் ஆகும். ஒருவர் மட்டும் பேச வேண்டும். ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். பிறகு பத்து எண்ணும் வரை சும்மா இருக்க வேண்டும். அந்தப் பத்து எண்ணுவதுதான் கஷ்டம்!

காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பது இவர்களுக்கு நன்றாகப் பதியும். ஆகையால் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பூங்காவின் படங்களைக் காட்டலாம். முதலில் படகு, பிறகு சாப்பாடு, பிறகு ரெயில் என்று படங்களை வரிசையாக ஒட்டிக் கையில் கொடுத்தால் பாதித் தொல்லை தீரும்.

கியூவில் நிற்பது

டிஸ்னி பூங்காக்களில் ஒரு வேடிக்கைக்கு ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். நீண்ட நேரம் நிற்க முடியாத குறை உள்ளவர்களுக்கு முன்பு ஓர் அட்டை கொடுத்தார்கள். அதைச் சில பணக்காரர்கள் கெடுத்தார்கள். குறை உள்ள ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, அவரோடு முன்னால் நுழைந்துவிட்டார்கள் என்று 2013-ம் ஆண்டு செய்தி வந்தது. வெட்கக்கேடு!

அந்த ஆண்டே முறை மாறியது. இப்போது முன்னால் விடுவதில்லை. "இத்தனை மணிக்குத் திரும்பி வாருங்கள்" என்று நேரம் குறித்துக் கொடுப்பார்கள். அதுவரை நிழலில் உட்காரலாம். 2024-ம் ஆண்டு விதிகள் மேலும் இறுகிவிட்டன. குறையின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. கியூவில் நிற்பதில் குழந்தைக்கு என்ன கஷ்டம் என்று விளக்க வேண்டும்.

இதைப் பார்த்து யாரும் பொறாமைப்பட வேண்டியதில்லை. அந்தக் குழந்தையும் காத்திருக்கத்தான் செய்கிறது. இடம்தான் வேறு.

கழுத்து ஜாக்கிரதை!

ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருக்க வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளின் பிணைப்பு தளர்ந்திருக்கும். கழுத்து வேகமாகக் குலுங்கினால் நரம்புத் தண்டுக்கு ஆபத்து வரலாம். பிறக்கும்போதே இருதயத்தில் கோளாறு உள்ளவர்களும் சுமார் பாதிப் பேர்.

ஆகையால் புறப்படும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும். கழுத்து வலி, நடையில் தடுமாற்றம், கை பலவீனம், அடக்க முடியாமல் சிறுநீர் போவது — இவற்றில் ஒன்று புதிதாகத் தெரிந்தாலும் உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

உயரத்திலும் கவனம் தேவை. இவர்கள் வயதுக்குக் குட்டையாக இருப்பார்கள். புளோரிடாவில் 'ஸ்பேஸ் மவுண்டன்' என்ற பாயும் வண்டியில் ஏற 44 அங்குல உயரம் வேண்டும். வாசல் வரை அழைத்துப் போய் "உனக்கு இல்லை" என்று திருப்புவது கொடுமை. வீட்டிலேயே அளந்து பார்த்துவிட வேண்டும்.

அண்ணன் அந்த வண்டியில் ஏற ஆசைப்பட்டால் அதையும் தடுக்கக் கூடாது. தகப்பனார் அண்ணனோடு போகட்டும். தாயார் தம்பியோடு இருக்கட்டும். பிறகு பெற்றோர் இடம் மாறிக்கொள்ளலாம். வீட்டில் பல விஷயங்களில் விட்டுக்கொடுத்தே வளர்கிற பிள்ளை அவன். அன்றாவது அவன் ஆசையும் நிறைவேறட்டும்.

சின்னவன் விஷயத்தில் இன்னொரு சண்டை வரும். அவன் ஒரே படகில் ஐந்து தடவை ஏற வேண்டும் என்பான். ஒரு நாள் டிக்கெட் 100 டாலருக்கு மேல்! "இத்தனை பணம் கொடுத்து ஒரே படகா?" என்று தகப்பனார் பல்லைக் கடிப்பார். கடிக்க வேண்டாம். முதல் தடவை பயம். இரண்டாம் தடவை பழக்கம். மூன்றாம் தடவைதான் அவன் கண்ணைத் திறந்து பார்க்கவே ஆரம்பிக்கிறான்.