பெர்ஷியாவோ, பாரசீகமோ?

நம் மாணாக்கர் வரையும் சரித்திரக் கட்டுரைகளில் ஒரே தேசம் ஒரு பக்கத்திற் பெர்ஷியா எனவும், அடுத்த பக்கத்திற் பாரசீகம் எனவும், முடிவில் ஈரான் எனவும் உலவக் காண்கின்றோம். இவை மூன்றும் வெவ்வேறு நாடுகளென மயங்குவாரும் உளர்.

பண்டை நாளில் அந்நாட்டார் தம் மொழியில் வழங்கிய பெயர் ‘பார்ஸ’ என்பது. கி. மு. 522 முதல் 486 வரை அரசாண்ட தரியு மன்னன் பெகிஸ்தூன் மலையில் வெட்டுவித்த சாசனத்தில் அது காணப்படுகின்றது. முதற்கண் அது முழுத் தேசத்தையும் குறித்ததன்று. இன்று ஷீராஸ் நகரம் உள்ள தென்மேற்குப் பகுதியையே குறித்தது. அங்கிருந்து எழுந்த அரசகுலம் பேரரசு எய்தவே, பகுதியின் பெயர் முழுமைக்கும் ஆயிற்று. கிரேக்கர் நாவில் முதல் ஆகாரம் எகரமாய்த் திரிந்து ‘பெர்ஸிஸ்’ ஆயிற்று. பெர்ஸியுஸ் என்னும் தம் வீரன் வழிவந்தோரே அம்மக்கள் என அவர் கதையுங் கட்டினர். ஒலியொப்புமையன்றி அதற்கு வேறு ஆதாரமில்லை. அக்கிரேக்க வடிவம் லத்தீன் வழியே ஆங்கிலம் புகுந்தது. ஸகரத்தை ஷகரமாக்கியது ஆங்கில நாவே. அரபியருக்குப் பகரவொலி இன்மையின் ‘ஃபாரிஸ்’ என்றனர். அந்நாட்டாரே இன்று தம் மொழியை ஃபார்ஸி என்பது அரபியர் ஆட்சி விட்டுச்சென்ற சுவடாம். வடமொழியாளர் பாரசீகர் என்றனர். காளிதாசனும் இரகுவமிசத்தில் அச்சொல்லை ஆண்டான்.

நம் வேதாகமத்தில் ஒரு புதுமை உண்டு. எஸ்றாவின் புத்தகத்தில் அரசன் பெயர் எபிரேய ஒலியைத் தழுவிக் கோரேசு என நிற்க, அவனது நாடோ எபிரேயத்தின் ‘பாரஸ்’ என்பதை விடுத்துப் பெர்சியா என நிற்கின்றது. அரசன் ஒரு வழியே வந்தான். நாடு வேறு வழியே வந்தது!

ஈரான் என்பதும் புதிதாய்ப் படைத்த பெயரன்று. 1935-ஆம் ஆண்டில் அவ்வரசாங்கம் தம் நாட்டை அப்பெயராலேயே அழைக்குமாறு அயல்நாடுகளை வேண்டிற்று. எனினும் கி. பி. மூன்றாம் நூற்றாண்டின் ஸாஸானிய மன்னர் சாசனங்களிலேயே ‘ஏரான்’ என்னும் வடிவு உளது.

ஆதலின் பழைய பேரரசைப் பாரசீகம் என்றும், இக்காலத் தேசத்தை ஈரான் என்றும் எழுதுதலே தக்கதென்பது நம் கருத்து. பாரசீகம் என்னும் சொல் அந்நாட்டார் சொன்ன ஆகாரத்தைக் காக்கின்றது. தொல்காப்பியர் வடசொற்கு விதித்தவாறு வடவெழுத்து ஒழித்தும் நிற்கின்றது. பெர்ஷியா என்பதில் இவ்விரண்டும் இல்லை. ஆங்கில நூல்களில் அவ்வாறு உளதே எனின், அந்நூல்களைப் பயில்வதற்கு அது போதும். தமிழில் எழுதுவார்க்கு இரவல் நா எதற்கு? பூகோள வகுப்பில் பாரசீக வளைகுடா என்றே யாவரும் இடர்ப்பாடின்றிக் கூறுகின்றோம். கடலுக்கு ஒரு பெயரும் அதன் கரைக்கு வேறொரு பெயரும் வழங்குதல் நமக்கு விளங்கவில்லை.