சேரி என்ற சொல்லே இல்லாத வரைபடம்

ஊரையும் சேரியையும் பிரிக்க, சாதியின் பெயரைச் சட்டத்தில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. தண்ணீர்க் குழாய் எந்தத் தெரு வரைக்கும் வரும், பள்ளிக்கூடம் எங்கே கட்டப்படும், குப்பை எங்கே கொட்டப்படும் என்பதை முடிவு செய்தால் போதும். இது நமக்குத் தெரிந்த கதைதான். டெக்சாஸ் மாநிலத்தின் தலைநகரான ஆஸ்டின், கிட்டத்தட்ட நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைக் காகிதத்தில் எழுதி, நகர சபையின் ஒப்புதலோடு செய்து முடித்தது. இன்று அந்த நகரத்தின் நடுவே ஓடும் ஐ-35 நெடுஞ்சாலையை ஏறத்தாழ 450 கோடி டாலர் செலவில் அகலப்படுத்திக்கொண்டிருக்கிறார்கள். இதை வெறும் போக்குவரத்துச் செய்தியாகப் படிக்கக் கூடாது என்பதே என் வாதம்.

அடிமைமுறை ஒழிந்த செய்தி டெக்சாஸுக்கு 1865 ஜூன் 19 அன்றுதான் வந்து சேர்ந்தது. விடுதலையடைந்த மக்கள் ஆஸ்டினின் பல பகுதிகளில் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். 1867இல் வீட்வில், 1871இல் கிளார்க்ஸ்வில் என்று நகரின் மேற்குப் பக்கத்திலும் அவர்களுடைய குடியிருப்புகள் உருவாயின. சொந்த வீடு, சொந்த தேவாலயம், சொந்தப் பள்ளி என்று அவர்கள் வேர்விட்ட இடங்கள் அவை.

வெள்ளை நகரத்துக்கு இது உறுத்தியது. ஆனால் ஒரு சட்டச் சிக்கல் இருந்தது. இனத்தின் பெயரால் குடியிருப்புப் பகுதிகளைப் பிரிக்கும் நகரச் சட்டம் செல்லாது என்று 1917இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பைச் சுற்றிப் போக ஆஸ்டின் கண்டுபிடித்த வழிதான் 1928ஆம் ஆண்டு நகரத் திட்டம். டல்லாஸைச் சேர்ந்த கோக் அண்ட் ஃபவுலர் என்ற பொறியியல் நிறுவனம் அதைத் தயாரித்தது. சட்டத்தின் வழியாகப் பிரிக்க முடியாது என்பதை அந்த அறிக்கையே ஒப்புக்கொள்கிறது. அதற்கு மாற்றாக, கறுப்பின மக்களுக்கான பள்ளி, பூங்கா முதலிய வசதிகள் எல்லாவற்றையும் நகரின் கிழக்குப் பகுதியில் மட்டும் கொடுங்கள், அவர்கள் தாமாகவே அங்கே போய்விடுவார்கள் என்று பரிந்துரைக்கிறது.

'தாமாகவே' என்பதைக் கவனியுங்கள். யாரையும் கையைப் பிடித்து இழுக்கவில்லை. பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டுமானால் கிழக்கே போ என்றார்கள், அவ்வளவுதான். கிளார்க்ஸ்வில் பள்ளியை 1918லேயே மூடிவிட்டிருந்தார்கள். அங்கேயே பிடிவாதமாக இருந்துவிட்ட குடும்பங்கள் 1970கள் வரை மண் சாலையில்தான் நடந்தன. கட்டாயப்படுத்தியதற்கு எழுத்தில் சாட்சி இருக்காது. ஆனால் வேறு வழியும் இருக்காது.

கிழக்கே போனவர்களுக்கு என்ன கிடைத்தது? தொழிற்சாலைகளும் கிடங்குகளும் அதே பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டன. 1930களில் கூட்டரசின் வீட்டுக்கடன் வரைபடம் கிழக்கு ஆஸ்டினைச் சிவப்பு வண்ணத்தில் குறித்தது. கடன் கொடுக்க ஆபத்தான பகுதி என்று அதற்குப் பொருள். கறுப்பின மக்களோடு மெக்சிக வம்சாவளி மக்களும் அங்கேயே ஒதுக்கப்பட்டார்கள். எரிபொருள் சேமிப்புத் தொட்டிகள் அவர்கள் வீடுகளுக்குப் பக்கத்தில் நின்றன. ஹாலி மின் நிலையம் 1960இலிருந்து அவர்கள் நடுவே இரைந்தது.

நகரைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்த எல்லை ஈஸ்ட் அவென்யூ. நடுவே புல்வெளி கொண்ட அகலமான வீதி அது. 1962இல் அதன் மேல்தான் ஐ-35 நெடுஞ்சாலை திறக்கப்பட்டது. வரைபடத்தில் இருந்த கோடு கான்கிரீட் சுவராக எழுந்துவிட்டது. காரில் போகிறவருக்கு அது சாலை. நடந்து கடக்க வேண்டியவருக்கு அது மதில்.

அரசியல் கதவும் இப்படியே அடைக்கப்பட்டது. 1951 நகர சபைத் தேர்தலில் ஆர்தர் டிவிட்டி என்ற கறுப்பினத் தலைவர் வெற்றியை நெருங்கிவிட்டார். 1953இல் தேர்தல் முறையையே மாற்றிவிட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் நகரம் முழுவதும் வாக்களிக்கும், பெரும்பான்மை பெற்றவரே ஜெயிப்பார் என்று ஆனது. இந்த விதியிலும் நிறம் பற்றி ஒரு சொல் கிடையாது. தொகுதிவாரியாகப் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் முறை 2014இல்தான் வந்தது. ஒருங்கிணைப்பு என்ற பெயரில் செய்ததும் இதே கணக்குதான். 1971இல் மூடப்பட்டது கிழக்கு ஆஸ்டினின் கறுப்பினப் பள்ளியான ஆண்டர்சன் உயர்நிலைப் பள்ளி. பஸ் ஏறித் தூரத்துக்குப் போக வேண்டியிருந்ததும் அதன் மாணவர்கள்தான்.

அந்த மக்கள் சும்மா இருக்கவில்லை. சுசானா அல்மான்சா உள்ளிட்டோர் 1991இல் தொடங்கிய போடர் அமைப்பு எரிபொருள் தொட்டிகளுக்கு எதிராகத் தெருவில் இறங்கியது. பெரிய எண்ணெய் நிறுவனங்கள் அவற்றை மூட ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. ஹாலி மின் நிலையமும் 2007இல் நிறுத்தப்பட்டது. காற்றையும் மண்ணையும் மீட்டது அரசு அல்ல, அங்கே வாழ்ந்த மக்கள்.

ஆனால் மீட்டெடுத்த இடத்தில் அவர்களால் இருக்க முடிந்ததா? நகர மையத்துக்கு மிக அருகில், மலிவான நிலம். தொழில்நுட்ப நிறுவனங்களின் வளர்ச்சியோடு பணம் அங்கே பாய்ந்தது. டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது. அந்தப் பாரத்தைச் சொத்து வரி சுமக்கிறது. பக்கத்து மனையில் ஆடம்பர வீடு எழும்பினால், நீங்கள் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தாவிட்டாலும் உங்கள் வீட்டின் மதிப்பு ஏறும், வரியும் ஏறும். முதியவர்களுக்குச் சில வரிச் சலுகைகள் உண்டு. வாடகைக்கு இருப்பவருக்கு அதுவும் இல்லை. சாதாரணக் காலத்தில் வாடகைக்கு உச்சவரம்பு வைக்கவோ, புதிய கட்டடங்களில் எளியவர்களுக்குக் கட்டாயம் வீடு ஒதுக்கச் சொல்லவோ நகரத்துக்கு அதிகாரம் இல்லை என்று மாநிலச் சட்டம் கையைக் கட்டி வைத்திருக்கிறது.

விளைவை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எரிக் டாங் 2014இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 2000க்கும் 2010க்கும் இடையில் ஆஸ்டினின் மக்கள் தொகை 20.4 சதவீதம் உயர்ந்தது. அதே காலத்தில் கறுப்பின மக்களின் எண்ணிக்கை 5.4 சதவீதம் குறைந்தது. வேகமாக வளர்ந்த பெருநகரங்களில் இப்படிக் குறைந்தது ஆஸ்டினில் மட்டும்தான். 1928இல் 'இங்கே வா' என்று தள்ளிய இடத்திலிருந்து இப்போது 'வெளியே போ' என்று தள்ளுகிறார்கள். இரண்டு முறையும் இனத்தின் பெயரால் போடப்பட்ட சட்டம் இல்லை.

இந்தப் பின்னணியில்தான் ஐ-35 விரிவாக்கம் வருகிறது. நகர மையத்தின் வழியாக சுமார் 8 மைல் தூரத்துக்கு மேல்தளச் சாலையை இடித்து, பிரதானப் பாதைகளைத் தரைக்குக் கீழே இறக்கி, ஒவ்வொரு திசையிலும் இரண்டு பாதைகளைக் கூட்டுகிறார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட வீடுகளும் கடைகளும் அகற்றப்படுகின்றன. தாழ்ந்த சாலையின் மேல் மூடுதளம் போட்டுப் பூங்கா அமைக்கலாம், பிரிந்த நகரம் சேரும் என்கிறார்கள். ஆனால் சாலைக்குப் பணம் தரும் மாநிலம் மூடுதளத்துக்குத் தராது. அதற்கு நகரம்தான் நிதி தேட வேண்டும். பிரிக்கும் வேலைக்குக் கருவூலம் திறக்கிறது, சேர்க்கும் வேலைக்குக் கை ஏந்த வேண்டியிருக்கிறது.

நெரிசல் தீரட்டுமே என்பவர்களுக்கு ஹூஸ்டன் பதில் சொல்லும். கேட்டி நெடுஞ்சாலையை 2008இல் பக்கச் சாலைகளையும் சேர்த்துச் சில இடங்களில் 26 பாதைகளாக விரித்தார்கள். சில ஆண்டுகளிலேயே உச்ச நேரப் பயணம் முன்பைவிட நீண்டுபோனது. அகலமான சாலை இன்னும் அதிகக் கார்களை அழைத்து வரும்.

நமக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஆஸ்டினைச் சுற்றியுள்ள ரவுண்ட் ராக், சீடர் பார்க் போன்ற இடங்களில் ஐ.டி. வேலை பார்க்கும் தமிழர்கள் நிறைய. இந்தியர்கள் பெருமளவில் அமெரிக்காவுக்குப் போகக் கதவைத் திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்களின் சிவில் உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில் பிறந்த சட்டம் அது. அவர்கள் திறந்த கதவின் வழியே போனவர்கள், 'நல்ல ஸ்கூல் ஏரியா' என்று வீடு தேடும்போது, அந்த ஏரியா எப்படி 'நல்ல' ஏரியா ஆனது என்று கேட்காமல் இருக்க முடியுமா? அக்ரகாரத்தின் வரலாற்றைக் கேள்வி கேட்கத் தெரிந்த நமக்கு இது கடினமான கேள்வி அல்ல.

மாற்று வழி இல்லாமல் இல்லை. கிழக்கு ஆஸ்டினில் குவாடலூப் குடியிருப்பு வளர்ச்சிக் கழகம் நில அறக்கட்டளை முறையில் வீடு தருகிறது. நிலம் அமைப்பின் பெயரில், வீடு குடும்பத்தின் பெயரில். நிலத்தை வைத்துச் சூதாட முடியாது என்பதால் விலை கைக்கெட்டும் அளவில் நிற்கிறது. அந்தப் பகுதியில் தலைமுறைகளாக வாழ்ந்த குடும்பங்களுக்கு முன்னுரிமையும் உண்டு. 2020இல் ஆஸ்டின் வாக்காளர்கள் ரயில் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தபோது, மக்கள் வெளியேற்றப்படுவதைத் தடுக்க 30 கோடி டாலர் அதிலேயே ஒதுக்கப்பட்டது. நெடுஞ்சாலைக்கும் இதே நிபந்தனை வேண்டும். மூடுதளப் பூங்கா திறக்கும் முன்பே அதைச் சுற்றியுள்ள பொது நிலம், வெளியேற்றப்பட்ட குடும்பங்களுக்காக ஒதுக்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பூங்காவே அடுத்த வெளியேற்றத்துக்கான விளம்பரப் பலகை ஆகிவிடும்.

ஒரு திட்ட அறிக்கை கையில் கிடைத்தால், அதில் சாதியோ இனமோ எழுதியிருக்கிறதா என்று தேடாதீர்கள். அது இருக்காது. யார் வீடு இடிகிறது, யார் நிலம் விலை ஏறுகிறது, பத்து ஆண்டு கழித்து அந்தத் தெருவில் யார் குடியிருப்பார்கள் என்ற மூன்று கேள்விகளை மட்டும் கேளுங்கள்.