ஆப்பில் இல்லாத பாட்டு யாருடையது?

ஒரு பாட்டைத் தேடி, ஸ்பாட்டிஃபையில் இல்லை, யூடியூபிலும் இல்லை என்றால், அப்படி ஒரு பாட்டே இல்லை என்று முடிவுகட்டும் காலத்துக்கு வந்துவிட்டோம். கிடைக்காதவற்றை 'மறக்கப்பட்ட பாடல்கள்' என்று பட்டியல் போட்டுப் பெருமூச்சு விடுவதும் ஒரு பொழுதுபோக்காகிவிட்டது. யார் மறந்தார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

டி லா சோல் என்ற அமெரிக்கக் கறுப்பின ராப் குழுவுக்கு நடந்ததை இந்தக் கேள்வியோடு பார்க்க வேண்டும். நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த மூன்று இளைஞர்கள் 1989இல் 'த்ரீ ஃபீட் ஹை அண்ட் ரைசிங்' என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். பழைய இசைத்தட்டுகளிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளை வெட்டியெடுத்து, ஒன்றோடு ஒன்று ஒட்டி, அதன்மேல் தங்கள் சொற்களை ஏற்றிய இசை அது. இசைத்தட்டிலும் கேசட்டிலும் லட்சக்கணக்கில் விற்றது. நாடு பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் 2010ஆம் ஆண்டுப் பட்டியலில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமே அதைச் சேர்த்தது. ஆனால் அதே காலத்தில் சட்டப்படி காசு கொடுத்து அதை டவுன்லோட் செய்ய ஒருவருக்கும் வழியில்லை.

காரணம் ஒரு தாள். அந்த இசைத் துண்டுகளுக்கு வாங்கிய அனுமதிகள் இசைத்தட்டு, கேசட் என்ற வடிவங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. இணையத்தில் விற்பது பற்றி அவற்றில் ஒரு சொல் இல்லை. அனுமதியே வாங்காத துண்டுகளும் இருந்தன; 'டர்ட்டில்ஸ்' குழு அதற்காக வழக்குப் போட்டது. அவர்களுக்கும் சேர வேண்டியது சேரத்தான் வேண்டும், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பேசித் தீர்த்திருக்க வேண்டிய கணக்கு அப்படியே கிடப்பில் கிடந்தது.

2014இல் அந்தக் குழு ஒரே ஒரு நாளுக்குத் தங்கள் பாடல்களை எல்லாம் ரசிகர்களுக்கு இலவசமாகவே இறக்கிவிட்டது. 2019இல் நிறுவனம் பாடல்களை ஆப்களில் ஏற்ற முன்வந்தபோது, தங்களுக்கு வரும் பங்கு வெறும் 10 விழுக்காடு என்று குழுவினர் பொதுவெளியில் போட்டு உடைத்தார்கள். ரசிகர்கள் பக்கம் நின்றார்கள், ஏற்றம் நின்றது. 2021இல் நிறுவனம் கைமாறிய பிறகுதான் நியாயமான பேச்சு நடந்து, 2023 மார்ச் 3 அன்று பாடல்கள் வந்தன. மூவரில் ஒருவரான டேவிட் ஜோலிகர் அதற்கு மூன்று வாரம் முன்பு, பிப்ரவரி 12 அன்று, 54 வயதில் இறந்துபோயிருந்தார்.

இதில் மறதி எங்கே இருக்கிறது? அந்தப் பாடல்களுக்காக ரசிகர்கள் வருடக்கணக்கில் காத்துக்கிடந்தார்கள். பாட்டு காணாமல் போனதற்குக் காரணம் சொத்துரிமைதான்.

டி லா சோலிடமாவது ஒரு தாள் இருந்தது, கோளாறாக எழுதப்பட்டிருந்தாலும். நம் ஊரில் கேசட் காலத்தில் பாடிய கானாப் பாடகர்கள் பலரிடம் எந்தத் தாளும் இல்லை. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் காசிமேட்டிலும் சாவு வீட்டில் விடிய விடியப் பாடியவர்கள், கையில் கொடுத்த ஒரு தொகையை வாங்கிக்கொண்டு ஒலிப்பதிவுக்கும் பாடிக் கொடுத்தார்கள். ஊர்ஊராகப் போய்ப் பாடிய அம்பேத்கர் பாடல் குழுக்களின் கேசட்டுகள் கூட்டத் திடல்களில் விற்கப்பட்டன. ரெக்கார்டிங் சென்டரில் டபுள் டெக்கில் போட்டுப் பிரதி எடுத்து, பிரதியிலிருந்து பிரதி எடுத்துப் பரவிய பாடல்கள் இவை. உறையில் பாடியவர் பெயர் இருக்கும். எழுதியவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. டோலக் அடித்தவர் பெயரைக் கேட்கவே வேண்டாம்.

இவை ஆப்பில் ஏற வேண்டும் என்றால் என்ன தேவை? விநியோக நிறுவனம் ஒன்றின் வழியாகத்தான் போக முடியும். அந்த நிறுவனத்திடம் 'இந்த ஒலிப்பதிவு என்னுடையது' என்று உறுதிகொடுக்க வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, ஒலிப்பதிவின் 'ஆசிரியர்' யார் என்று வரையறுக்கும்போது பாடியவரைச் சொல்லவில்லை. அதைத் தயாரித்தவரைச் சொல்கிறது. உரிமை 60 ஆண்டு அவருக்கு. பாடுபவருக்குத் தனி உரிமை என்ற ஒன்றே 1994 திருத்தத்தில்தான் வந்தது, ராயல்டியில் பங்கு 2012 திருத்தத்தில். தயாரித்த கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போயிருந்தால், 1980களில் பாடியவர் தன் குரலையே தன்னுடையது என்று நிரூபிக்க முடியாமல் நிற்க வேண்டும். நிலத்துக்குப் பட்டா இல்லாதவனைப் 'புறம்போக்கில் இருப்பவன்' என்று சொல்லி வெளியேற்றிப் பழகிய சமூகத்தில், பாட்டுக்கும் இதேதான் நடக்கிறது.

தேவா இசையமைத்த 1990களின் சினிமா கானாக்களை இன்றும் போனில் கேட்கலாம். நல்லது, கேட்போம். அவற்றுக்குப் பின்னால் ஆடியோ கம்பெனி இருந்தது, ஒப்பந்தம் இருந்தது. சேரியின் மெட்டு பத்திரமாக இருக்கிறது. அந்த மெட்டை வளர்த்த தெருவின் குரல்தான் பீரோவுக்கு மேல், பிளாஸ்டிக் பையில், பூஞ்சை பிடித்துக் கிடக்கிறது. காந்த நாடா நம் காலநிலையில் அதிக நாள் தாங்காது. பாடியவர்களுக்கும் வயதாகிறது. இன்குலாப்பின் 'மனுசங்கடா' பாடலைத் தமிழகமெங்கும் கொண்டுபோன கே.ஏ.குணசேகரன் 2016 ஜனவரியில் போனார். அதே ஆண்டு டிசம்பரில் இன்குலாப்பும் போனார். அவர்கள் பேராசிரியர்கள், புத்தகங்கள் இருக்கின்றன, பெயர் நிற்கும். பக்கத்துத் தெருவில் பாடியவருக்கு அந்தக் கேசட் ஒன்றுதான் சாட்சி.

'எடுத்து யூடியூபில் போட்டுவிட வேண்டியதுதானே' என்று தோழர்கள் உடனே சொல்வார்கள். போடலாம். பெயரில்லாமல், விவரமில்லாமல் போட்டால், நாளைக்கு எவராவது அதை 'மரபுப் பாடல்' என்று சொல்லி ஒரு விநியோகஸ்தர் வழியாகப் பதிந்துகொண்டு, முதலில் போட்ட நம் வீடியோ மீதே உரிமை கோரலாம். 'மரபு' என்ற சொல் நம் பாடல்களுக்கு ஒட்டப்படும்போதெல்லாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பெயர் தெரிந்த ஒருவர் போன தலைமுறையில் எழுதியதைப் பெயரற்றதாக்க அதைவிட வசதியான சொல் கிடையாது. இன்னொன்று, சாவு வீட்டில் ஒரு குறிப்பிட்ட மனிதருக்காகப் பாடிய பாட்டை உலகம் கேட்க வேண்டுமா என்பதை அந்தக் குடும்பம்தான் சொல்ல வேண்டும்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. எழுத்தாளர்களின் நூல்களைப் பரிவுத்தொகை கொடுத்து நாட்டுடைமையாக்கும் அரசு இது. அந்த வழக்கம் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் சிரிப்பு வரும்: பாரதி பாடல்களின் ஒலிபரப்பு உரிமை ஏவி.மெய்யப்பரிடம் தனியார் சொத்தாக இருந்தது, அதை மீட்கச் சொல்லி எழுந்த கோரிக்கைதான் 1949இல் நாட்டுடைமையில் முடிந்தது. ஒலியில் தொடங்கிய வழக்கம் பிறகு புத்தகத்தோடு நின்றுவிட்டது. கானாவுக்கும் இயக்கப் பாடல்களுக்கும் அதை நீட்டித்து, பாடியவர் குடும்பத்துக்குத் தொகை கொடுத்து, தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் நூல்களை வைப்பதுபோல ஒலியையும் வைக்கலாம். உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியாத படைப்புகளை வெளியிட உரிமம் பெறப் பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவில் வழி இருக்கிறது. நம் வழக்கறிஞர் தோழர்கள் அதைக் கையில் எடுக்கட்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. பல ஊர்களில் அம்பேத்கர் படிப்பகங்கள் இருக்கின்றன. ஒரு நல்ல டேப் ரெக்கார்டர், ஒரு லேப்டாப், இரண்டையும் இணைக்கும் ஒயர், ஒரு நோட்டு. வரும் ஏப்ரல் 14க்குள் தெருவில் உள்ள கேசட்டுகளைக் கேட்டு வாங்குங்கள். நாடாவை இழுக்காமல், முதலில் உறையைப் போட்டோ எடுங்கள். பாடியவர், எழுதியவர், டோலக், கோரஸ், யார் வீட்டில் எந்த வருஷம் என்று பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் போய்ப் போட்டுக் காட்டுங்கள். எங்கே ஏற்றலாம், பணம் வந்தால் யாருக்கு எவ்வளவு என்பதை ஏற்றுவதற்கு முன்பே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு பிரதியை அவர்கள் வீட்டிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள்.