பிழையின் விலையை யார் கொடுப்பது?

பொருளாதாரம் கற்பித்த காலத்தில் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்று உண்டு: ஒரு தவறு நேர்ந்தால், அதன் இழப்பு யார் தலையில் விழுகிறது? ஆலைக் கழிவு ஆற்றில் கலப்பது குறித்த பாடத்தில் எழுந்த அந்தக் கேள்வி, இன்று மென்பொருளுக்கும் அப்படியே பொருந்துகிறது.

பிரிட்டன் அஞ்சலகங்களின் அனுபவம் இதற்குச் சான்று. 1999 முதல் அங்குள்ள கிளை அஞ்சலகங்களின் கணக்குகள் 'ஹொரைசன்' என்ற மென்பொருளின் வசம் ஒப்படைக்கப்பட்டன. அது பற்றாக்குறை காட்டினால், கிளையை நடத்துபவரே அத்தொகையை ஈடுகட்ட வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்தியது. எடுக்காத பணத்தைக் கட்டுவதற்காகச் சேமிப்பை இழந்தவர்கள் பலர். 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டனர். சிலர் சிறை சென்றனர். குறைந்தது 13 பேர் இதனால் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக் கூடும் என்கிறது 2025-இல் வெளியான விசாரணை அறிக்கை.

மென்பொருளில்தான் பிழை என்று உயர்நீதிமன்றம் கூறியது 2019-இல். நூற்றுக்கணக்கான தண்டனைகளை ஒட்டுமொத்தமாக ரத்து செய்ய 2024-இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது.

பிழையே இல்லாத மென்பொருள் உலகில் கிடையாது. ஆகவே, பிழை இருந்தது வியப்பன்று; இத்தனை ஆண்டுகள் அது ஒப்புக்கொள்ளப்படாமல் இருந்ததுதான் வியப்பு. காரணம் எளிது. பிழையைத் திருத்தும் ஆற்றல் நிர்வாகத்திடமும் மென்பொருள் நிறுவனத்திடமும் இருந்தது. இழப்போ கிளையை நடத்தியவர்களுடையதாக இருந்தது. போதாக்குறைக்கு, கணினி சரியாக இயங்கியது என்பதை அதன் பதிவைச் சான்றாகக் காட்டுபவரே நிரூபிக்க வேண்டும் என்ற சட்டப் பிரிவும் 1999-ஆம் ஆண்டுச் சட்டமொன்றால் நீக்கப்பட்டது. அதன்பின், கணினி சரியாகவே இயங்கியிருக்கும் என்பது நீதிமன்றத்தின் அனுமானமாயிற்று. உள்ளே எட்டிப் பார்க்கவே வழியில்லாதவர் அதை எப்படி மறுப்பார்?

மறைந்த கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ராஸ் ஆண்டர்சன் இதே உண்மையை 2001-இல் வங்கிகளைக் கொண்டு விளக்கினார். ஏடிஎம் கணக்கில் தகராறு எழுந்தால், அமெரிக்காவில் வங்கிதான் தன் தரப்பை நிரூபிக்க வேண்டும். பிரிட்டனில் அந்தச் சுமை அன்று வாடிக்கையாளருடையதாக இருந்தது. விளைவு, பிரிட்டன் வங்கிகள் மெத்தனமாக இருந்தன, மோசடி பெருகியது. அமெரிக்க வங்கிகளோ பாதுகாப்புக்குக் குறைவாகச் செலவிட்டும் குறைந்த மோசடியையே சந்தித்தன. இழப்பு தம்முடையது என்பதால், அவை செலவைத் தேவையான இடத்தில் செய்தன.

இந்தியாவும் இதை அறியாமல் இல்லை. வாடிக்கையாளர் அனுமதியின்றி நிகழும் மின்னணுப் பரிவர்த்தனையில், தவறு அவருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கிக்கே உரியது என்று 2017-இல் ரிசர்வ் வங்கி அறிவித்தது. ஆனால், இந்த நியாயம் வங்கி வாசலோடு நின்றுவிட்டது. ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்காததால், முதியவர் ஒருவர் வெறும் பையுடன் திரும்பியதை எங்கள் பகுதி நியாயவிலைக் கடையில் பார்த்தேன். மறுநாள் மீண்டும் நடக்க வேண்டியவர் அவர். கருவியை வடிவமைத்தவருக்கு அதனால் ஒரு காசும் நட்டமில்லை.

எனவே, அரசு மென்பொருள் வாங்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் மூன்று நிபந்தனைகள் இடம்பெற வேண்டும். பிழையால் குடிமக்களுக்கு நேரும் இழப்பைத் துறையும் நிறுவனமும் ஏற்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்டால் கணினிப் பதிவுகளைக் காட்ட வேண்டும். கணினி மறுத்ததை மறுபரிசீலனை செய்ய அதிகாரமுள்ள ஓர் அலுவலர் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

பாதுகாப்பான மென்பொருளை உருவாக்கத் திறமையான பொறியாளர்கள் நம்மிடம் நிறையவே உள்ளனர். அவர்களுடைய எச்சரிக்கைக்கு நிர்வாகம் செவிசாய்க்க வேண்டுமானால், பிழையின் விலையை முதலில் நிர்வாகமே கொடுக்க வேண்டும்.