வாளை வைத்துவிட்டு இறங்கியவர்



சென்ற வாரம் ஆராதனை முடிந்தபின் உங்களில் சிலர் ஒரு துண்டறிக்கையைக் கொண்டுவந்து, ஞாயிறு அறிவிப்புகளோடு அதையும் வாசிக்கும்படி கேட்டீர்கள். ஐரோப்பாவில் ஒன்பது நாள், ஐந்து திருத்தலங்கள். தலைப்பு ‘புனிதப் பயணம்’. சென்று வருவோரின் குடும்பத்துக்கு ஆசீர்வாதம் உறுதி என்று கீழே ஒரு வரி. நான் வாசிக்க மறுத்தேன். பட்டியலில் கத்தோலிக்கரின் மொன்செராத் மலை இருந்ததால்தான் மறுத்தேன் என்று பேசிக்கொள்கிறீர்களாம். அதுவல்ல காரணம். அந்த மலையை மதிப்பதால்தான் மறுத்தேன்.

ஸ்பெயினில், பார்சலோனாவுக்கு வடமேற்கே, ரம்பப் பற்களைப்போல் எழுந்து நிற்கும் பாறைத்தொடர் அது. 1025ஆம் ஆண்டளவில் ஒலிபா என்னும் மடாதிபதி அங்கே பெனடிக்டு சபைத் துறவியருக்கு மடம் அமைத்தார். 1811இல் நெப்போலியனின் படை அதை எரித்தது. உள்நாட்டுப் போரில் அதன் துறவியர் 20க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். 1963இல் மடாதிபதி எஸ்கர்ரே, கிறிஸ்தவ ஆட்சி என்று தன்னை அழைத்துக்கொண்ட பிராங்கோவின் அரசு கிறிஸ்தவ நெறிகளுக்குக் கீழ்ப்படியவில்லை என்று பிரெஞ்சு நாளிதழ் ஒன்றில் வெளிப்படையாய்ச் சொன்னார். அதன் விளைவாக 1965இல் நாட்டை விட்டே வெளியேற நேர்ந்தது. இவற்றில் ஒன்றாகிலும் அந்தத் துண்டறிக்கையில் உண்டா? சிறுவர் பாடகர் குழு பாடும் நேரம் மட்டும் பிழையின்றி அச்சாகியிருக்கிறது.

1522 மார்ச்சில் ஒரு போர்வீரர் அங்கே ஏறினார், லொயோலா இஞ்ஞாசியார். மூன்று நாள் தம் வாழ்நாளின் பாவங்களை அறிக்கையிட்டார். விலையுயர்ந்த ஆடையைப் பிச்சைக்காரர் ஒருவருக்கு ஈந்து, சாக்குத்துணி உடுத்தி, வாளையும் குத்துவாளையும் மாதாவின் பீடத்தில் தொங்கவிட்டு இரவெல்லாம் விழித்திருந்தார். (அந்த ஆடையைத் திருடியதாக அந்த ஏழையைப் பிடித்துக்கொண்டார்கள், அதைக் கேட்டு இஞ்ஞாசியார் அழுதார். தர்மம் செய்வோர் இதையும் நினைவில் வையுங்கள்.) பின்னாளில் அவருடைய தோழரான சவேரியார்தான் 1542இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்தார்.

‘ஐயரே, மகிழ்ச்சியாய்ப் போய்வருவது பாவமா?’ என்கிறீர்கள். இல்லவே இல்லை. இரவில் கண்விழிக்கும் பயணிகள் பாடி ஆட விரும்புகிறார்கள் என்று கண்ட அம்மடத்துத் துறவியர், பதினான்காம் நூற்றாண்டிலேயே அவர்களுக்கு ஏற்ற நல்ல பாடல்களைத் தொகுத்துக் கொடுத்தார்கள். மகிழ்ச்சியோடு எனக்குச் சண்டையில்லை. ஆசீர்வாதத்துக்கு விலைச்சீட்டு ஒட்டுவதோடுதான் சண்டை. முன்பணம் கட்ட நம் சபையில் ஒரு வீட்டின் நகை அடகுக்குப் போயிருக்கிறது. ஆராதனை எந்த மலையிலும் கட்டுண்டதல்ல என்று ஆண்டவர் சமாரிய ஸ்திரீக்குச் சொன்னாரே, அதைக் கேட்ட பிறகுமா?

என்னையும் விட்டுவைக்க மாட்டேன். நானும் ஒருமுறை பற்சக்கர ரயிலில் அங்கே ஏறினேன். கறுத்த மாதாவின் சுரூபத்துக்கு முன் நீண்ட வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது பின்னாலிருந்தவர் தம்மைப் படமெடுக்கச் சொல்லிக் கைப்பேசியை நீட்டினார். எடுத்துக்கொடுத்து, என்னையும் எடுக்கச் சொன்னேன். பை நிறையப் படஅட்டைகளோடு இறங்கினேன். அங்கே நான் விட்டுவந்தது ஒன்றுமில்லை. அது சுற்றுலா, அதற்கு வேறு பெயர் சூட்ட எனக்குத் துணிவில்லை.

ஆகையால், ஆசீர்வாதம் பற்றிய வரியை அடித்துவிட்டு, தலைப்பை ‘சுற்றுலா’ என்று மாற்றிக் கொண்டுவாருங்கள். வருகிற ஞாயிறே வாசிக்கிறேன்.